மதுவும் கலமும்: சங்கத் தேறல் முதல் பீப்பாய் விஸ்கி வரை

ஓர் ஆலையில் ஒரே முறையில் வடித்த விஸ்கியை வெவ்வேறு பீப்பாய்களில் முதிரவைத்து, அவற்றை அருகருகே வைத்துச் சுவைத்து ஒப்பிடும் வழக்கம் சிங்கப்பூரின் மதுக்கூடங்களில் இன்று வேரூன்றிவிட்டது. அங்கு ஒப்பிடப்படும் குப்பிகளுள் பெங்களூரின் அம்ருத்தும் ஒன்று. இதனை மேனாட்டாரிடமிருந்து கற்ற ஆடம்பரம் என்று கருதுவோரே நம்மிடையே மிகுதி. ஆயின், கலம் மாறினால் மதுவின் சுவையும் மாறும் என்னும் அறிவு தமிழுக்குப் புதியதன்று. அவ்வறிவு எத்தகையதாக இருந்தது, சிங்கப்பூர்த் தமிழரின் மது வரலாற்றில் அது ஏன் இடம்பெறவில்லை என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

சங்க இலக்கியத்தில் கள், நறவு, மட்டு, தோப்பி, அரியல், தேறல் எனப் பல பெயர்கள் பயில்கின்றன. தேறல் என்பது தெளிந்த மது. இவை எதனால் செய்யப்பட்டன என்பதோடு எதில் முதிர்ந்தன என்பதையும் புலவர்கள் பல இடங்களில் கூறுகின்றனர். திருமுருகாற்றுப்படையில் குறவர், நீண்ட மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேன் மதுவை உண்டு குரவை ஆடுகின்றனர். கபிலர் பறம்பு நாட்டைப் பாடும் புறநானூற்று 120ஆம் பாடலில் நிலத்தில் புதைத்து முதிரவைத்த மது இடம்பெறுகின்றது. பெரும்பாணாற்றுப்படையோ அரிசிக் கள் செய்யும் முறையையே விரித்துரைக்கின்றது: துழாவிய அரிசிக் களியை ஆறவைத்து, முளையைச் சேர்த்து, வலிய வாயையுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து வழைச்சு நீங்கச் செய்தனர். வழைச்சு என்பது முதிராத பச்சைத் தன்மை. இதற்கு ஈடான சொல் இன்றைய தமிழில் வழக்கில் இல்லை.

இறக்குமதி மதுவும் இருந்தது. புறநானூற்று 56ஆம் பாடலில் நக்கீரர், யவனர் தந்த குளிர்ந்த நறுமணத் தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகுவதைப் பாடுகின்றார். அங்கு வரும் 'கலம்' என்னும் சொல்லுக்குக் குப்பி எனப் பழைய உரை பொருள் கூறும்; கப்பல் எனக் கொள்வாரும் உளர். முன்னதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் மத்தியதரைக் கடல் நாடுகளின் இருகைப்பிடிச் சாடிகள் கிடைத்தன. இத்தகைய மதுச்சாடிகளின் உட்புறத்தில் கசிவு ஏற்படாதிருக்க மரப்பிசின் பூசுவது அக்கால வழக்கம். அப்பிசினின் வாசனை மதுவில் ஏறும். நக்கீரர் கூறும் நறுமணத்தில் ஒரு பகுதி கலத்தினுடையதாக இருக்கலாம் என ஊகிப்பதில் தவறில்லை.

வடித்த மதுவை மரக்கலத்தில் முதிரவைக்கும் முறையை இலங்கையின் தென்னஞ் சாராயத்திற் காணலாம். சிங்களத்தில் ஹல்மில்ல எனவும், ஆங்கிலேயரின் வணிக வழக்கில் திருகோணமலை மரம் எனவும் பெயர் பெற்ற மரத்தாலான தொட்டிகளில் அது வைக்கப்பட்டது. ஓக் மரம் வளராத நாட்டில் உள்ளூர் மரமே சுவையைத் தந்தது.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. வில்லியம் ஃபார்குவார் 1820இல் அபினி, சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் உரிமைகளை ஏலத்தில் குத்தகைக்கு விட்டார். பின்னர்க் கள்ளும் குத்தகைப் பொருளாயிற்று. ஆவணங்கள் குத்தகைத் தொகையைப் பேசுகின்றன, சுவையைப் பேசுவதில்லை. மேலும், கள் முதிரவைக்கத்தக்க பொருளன்று. இறக்கிய சில மணி நேரத்தில் நுரைத்து, ஓரிரு நாளில் காடியாகிவிடும். தொழிலாளர் அறிந்திருந்த மது அன்றன்று தீர்ந்துவிடும் மதுவே. தோட்டப்புறங்களில் கள் ஒரு சமூகக் கேடாகப் பெருகியமையால், 1941ஆம் ஆண்டு கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாயிற்று. அக்கோரிக்கையின் நியாயத்தை யாரும் மறுக்கவியலாது. 2013 டிசம்பர் 8ஆம் நாள் நிகழ்ந்த கலவரத்திற்குப் பின்னர் இயற்றப்பட்ட 2015ஆம் ஆண்டுச் சட்டம் லிட்டில் இந்தியாவை மதுக் கட்டுப்பாட்டு மண்டலமாக்கியது. வருவாய், கேடு, ஒழுங்கு என்னும் மூன்று தலைப்புகளிலேயே நம் மது வரலாறு எழுதப்பட்டுவந்துள்ளது. உழைத்துக் களைத்தவன் தன் மதுவின் சுவையை எச்சொற்களால் குறித்தான் என்பதை எவரும் பதிவுசெய்ய முனையவில்லை.

இப்பின்னணியில்தான் பீப்பாய் விஸ்கியை நோக்கவேண்டும். ஸ்காட்ச் விஸ்கி 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டுகள் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். அமெரிக்கச் சட்டமோ பூர்பனுக்கு உட்புறம் கருக்கிய புதிய ஓக் கலத்தையே விதிக்கின்றது. எனவே ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் பிற நாட்டு ஆலைகளை அடைகின்றன. அமெரிக்க ஓக் வெனிலா மணத்தையும், லாக்டோன் என்னும் வேதிப்பொருளால் தேங்காயை ஒத்த மணத்தையும் தரும். செர்ரி எனும் ஸ்பானிய மது இருந்த பீப்பாய் உலர்திராட்சையின் இனிமையை ஏற்றும். ஐரோப்பிய ஓக்காயின் துவர்ப்பும் கூடும்.

1948இல் தொடங்கப்பட்ட அம்ருத் நிறுவனம், தன் ஒற்றை மால்ட் விஸ்கியை 2004இல் கிளாஸ்கோவில் அறிமுகப்படுத்தியது. அதன் 'இன்டர்மீடியட் செர்ரி' என்னும் வகை முதலில் பூர்பன் பீப்பாயிலும், இடையில் செர்ரி பீப்பாயிலும், மீண்டும் பூர்பன் பீப்பாயிலும் முதிர்கின்றது. 'போர்ட்டோனோவா'வில் இடைக்கலம் போர்ட் மதுவினுடையது. இவ்விரண்டையும் ஒருங்கே சுவைப்போர் உண்மையில் ஒப்பிடுவது நடுவில் வந்த கலத்தையே. வெப்பமும் இங்குக் கணக்கில் வருகின்றது. ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு ஆவியாகும் மது, பெங்களூரில் 10 விழுக்காட்டுக்கும் மேலாகக் குறைகின்றது. இழப்பு மிகுதியெனினும் மரத்தின் சாரம் விரைந்து இறங்குவதால், குளிர்நாட்டில் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்கும் மது அங்கு நான்கைந்து ஆண்டுகளிலேயே வழைச்சு நீங்கிவிடுகின்றது.