எண்ணப்படாத எறிகள்

பேஸ்போலில் முழங்கைக் காயம் எண்டதும் எல்லாருக்கும் ஞாபகம் வாற பெயர் டொமி ஜோன். 1974இல் அவருடைய முழங்கை எலும்புகளைப் பிணைக்கும் நார் கிழிந்தது. வைத்தியர் ஃபிராங்க் ஜோப் மற்றக் கையிலிருந்து தசைநாண் எடுத்துப் பொருத்தினார். 1976இல் திரும்பி வந்தவர் 1989 வரை விளையாடினார். இன்றும் அந்தச் சத்திரசிகிச்சைக்கு ஜோனின் பெயர்தான்.

ஆனால், சின்னப் பெடியளின் முழங்கைகள் அதற்கு முதலே பேசத் தொடங்கிவிட்டன. லிட்டில் லீக் என்ற சிறுவர் போட்டி 1939இல் பென்சில்வேனியாவில் தொடங்கி நாடெங்கும் பரவியது. 1960இல் 'லிட்டில் லீக் முழங்கை' என்ற பெயரே மருத்துவத்துக்குள் வந்தது. 1965இல் கலிபோர்னிய வைத்தியர் ஜோயல் அடம்ஸ், 9 முதல் 14 வயதான 162 சிறுவர்களின் எக்ஸ்ரேக்களை ஆராய்ந்தார். பந்தெறிபவர்கள் 80 பேர்; அத்தனை பேரின் முழங்கையிலும் மாற்றம். ஒவ்வொரு எறியிலும் தசை இழுப்பது இன்னும் முற்றாத குருத்தெலும்பை. ஓய்வில்லாமல் எறிந்தால் அது விலகும்.

அந்தக் காலத்தில் கட்டுப்பாடே இல்லையெண்டு சொல்ல ஏலாது. இன்னிங்ஸ் கணக்கு இருந்தது. ஆனால் ஒரு இன்னிங்ஸ் 10 எறியிலும் முடியும், 40 எறியிலும் முடியும். கை அறிவது எறிகளைத்தான். எறிகளை எண்ணும் விதி 2007இல்தான் வந்தது: 11, 12 வயதினருக்கு நாளுக்கு 85.

அடம்ஸிலிருந்து 42 வருடங்கள்! நட்சத்திரத்தின் கையைத் திருத்தும் வழி அதற்கு 33 வருடம் முதலே கிடைத்துவிட்டது. நோகுதெண்டு சொன்னா வெளியில இருத்திவிடுவினம் எண்டு பெடியன் வாய் திறக்கமாட்டான். அவனுக்காகப் பெரியவர்கள் எண்ணியிருக்க வேண்டும்.