பேட்டில்ஷிப் என்ற சொல் வந்த கதை

பேட்டில்ஷிப் என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் பெரும்பாலும் போர்க்கப்பல் என்றே எழுதிவிடுகிறார்கள். இதனால் பாதிப் பொருள் தொலைந்துபோகிறது. ஏனென்றால் பீரங்கி ஏந்திய சிறு படகு முதல் நீர்மூழ்கி வரை எல்லாமே போர்க்கப்பல்கள்தான். பேட்டில்ஷிப் என்பது அவற்றுள் ஒரு வகை மட்டுமே. தடித்த உலோகக் கவசமும் மிகப் பெரிய பீரங்கிகளும் கொண்டது அது. ஆனால் இச்சொல் பிறந்தபோது அந்தக் கப்பல்களில் கவசமே கிடையாது, எல்லாம் மரக்கப்பல்கள்!

17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கடலில் ஓயாமல் மோதிக்கொண்டனர். அக்காலப் பாய்மரக் கப்பல்களில் பீரங்கிகள் பெரும்பாலும் இரு பக்கவாட்டிலும்தான் இருந்தன. எனவே கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்ட வரிசையில் சென்றால்தான் ஒரு பக்கத்துப் பீரங்கிகள் அனைத்தும் எதிரியை நோக்கிச் சுட முடியும்; நடுவே சொந்தக் கப்பலும் குறுக்கிடாது. இதற்குப் 'போர் வரிசை' என்று பெயர். வரிசையில் ஒரு கப்பல் பலவீனமாக இருந்தால் எதிரி அந்த இடத்தில் உடைத்துக்கொண்டு புகுந்துவிடுவான். ஆகவே சிறிய கப்பல்களுக்கு அங்கே இடமில்லை. இடம்பெறத் தகுதியுள்ள பெரிய கப்பலை 'லைன் ஆஃப் பேட்டில் ஷிப்' என்றார்கள். நாளடைவில் வரிசையைக் குறித்த 'லைன்' உதிர்ந்துபோய் பேட்டில்ஷிப் ஆனது. ஜெர்மானியர் நெடுங்காலம் லீனியன்ஷிஃப், அதாவது வரிசைக்கப்பல், என்றே வைத்துக்கொண்டனர். பொருளுக்கு நெருக்கமானது அதுதான்.

1853இல் சினோப் துறைமுகத்தில் ரஷ்யரின் வெடிகுண்டுகள் துருக்கியரின் மரக்கப்பல்களை எரித்து அழித்தன. மரத்தின் காலம் முடிந்தது. பிரான்ஸ் 1859இல் இரும்புத் தகடு போர்த்திய குளோயர் கப்பலை நீரில் இறக்கியது. மறு ஆண்டே பிரிட்டன் முழுக்க இரும்பாலான வாரியரை இறக்கியது. வேடிக்கை என்னவென்றால், அன்றைய எந்த வரிசைக்கப்பலையும் நொறுக்கக்கூடிய வாரியரை ஃபிரிகேட் என்ற கீழ்வகுப்பில்தான் சேர்த்தார்கள். காரணம், அதில் ஒரே ஒரு பீரங்கித் தளம்தான்! இத்தகைய கப்பல்களுக்கு 'அயன்கிளாட்' என்ற பெயர் சில காலம் வழங்கியது. பழைய பேட்டில்ஷிப் என்ற பெயர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் கவசக் கப்பல்களுக்கு நிலைத்தது.

1906இல் பிரிட்டனின் டிரெட்நாட் வந்தது. முந்தைய கப்பல்களில் பெரும் பீரங்கி நான்குதான் வழக்கம். இதில் 12 அங்குலப் பீரங்கிகள் பத்து. நீராவிச் சுழலி வேறு. வேகம் 21 நாட். 'எதற்கும் அஞ்சாதது' என்று பொருள்படும் அப்பெயரே அவ்வகைக் கப்பல்களுக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டது. ஆனால் ஒரே நாளில் பழையதாகிப்போன கப்பல்களை அதிகம் வைத்திருந்ததும் பிரிட்டன்தான். பின்தங்கியிருந்த ஜெர்மனி கிட்டத்தட்ட சம நிலையில் போட்டியைத் தொடங்க முடிந்தது.

1916இல் ஜட்லாண்ட் போரில் இரு நாட்டுக் கப்பல்களும் வரிசை கட்டியே மோதின. 1945 ஏப்ரல் 7 அன்று, கட்டப்பட்டவற்றுள் மிகப் பெரிய பேட்டில்ஷிப் வகையைச் சேர்ந்த ஜப்பானின் யமாட்டோவை மூழ்கடித்தவை அமெரிக்க விமானங்கள். அன்று அதன் எதிரே எந்தக் கப்பல் வரிசையும் நிற்கவில்லை.