புது போன் யாருக்கு? – கொஞ்சம் கொசுவத்தி

தசரா வந்துவிட்டால் இங்கே நாக்பூரில் நம்ம தமிழ் வட்டாரத்தில் ஆளாளுக்கு ஒரே கேள்விதான். "சார், புது மாடல் வந்திருக்கே, மாத்திடலாமா? இல்ல இதையே இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாமா?" நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுபவன். போனைப் பற்றி என்னிடம் கேட்பதற்கு ஒரே காரணம், அந்த இ.எம்.ஐ. விவகாரம்தான் :-) பதில் சொல்லும் முன் கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். ஒரு போன் எப்போது 'பழசு' ஆகிறது என்பதற்கே ஒரு சரித்திரம் இருக்கிறது.

நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது போனை மாற்றுவது என்ற பேச்சே கிடையாது. போன் கிடைக்குமா என்பதுதான் பேச்சு. பதிந்து வைத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கூடுதலாக முன்பணம் கட்டினால் சீக்கிரம் கிடைக்க 'ஓ.ஒய்.டி.' என்று ஒரு திட்டம் இருந்தது. வந்து சேர்ந்த கருவியில் மாடலாவது ஒன்றாவது! கெட்டுப்போனால் லைன்மேன் வந்து சரிசெய்வார். மற்றவர்களுக்கு எஸ்.டி.டி. பூத். ராத்திரி கட்டணம் குறையும் நேரம் பார்த்து வரிசையில் நின்று, சிவப்பு எழுத்தில் ஓடும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசியது ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு மறக்காது.

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்தார். அதுதான் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. அன்றைக்கு நிமிடக் கட்டணம் 16 ரூபாய் வரை போனது. யாராவது நம்மைக் கூப்பிட்டாலும் நமக்குத்தான் பில்! 1999இன் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, நிலையான லைசென்ஸ் கட்டணத்தை எடுத்துவிட்டு வருமானத்தில் பங்கு என்று மாற்றியது. 2003இல் இன்கமிங் இலவசமானது. அதே வருடம் டார்ச் லைட்டோடு நோக்கியா 1100 வந்தது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. அதை யாரும் 'பழசாகிவிட்டது' என்று மாற்றவில்லை. தொலைந்தால் மாற்றினார்கள், கிணற்றில் விழுந்தால் மாற்றினார்கள். பேட்டரி போனால் கடையில் புது பேட்டரி வாங்கி, பின்மூடியைக் கழற்றி நாமே போட்டுக்கொண்டோம்.

2007 ஆகஸ்டில் நடந்தது நினைவிருக்கிறதா? நோக்கியாவின் பி.எல்.-5சி பேட்டரியில் ஒரு பகுதி அதிகமாகச் சூடாகிறது என்று கம்பெனியே அறிவித்தது. உலகம் முழுக்க 4.6 கோடி பேட்டரிகள். நம்ம நாட்டில் ஒரே பீதி, ஆளாளுக்கு பேட்டரியைக் கழற்றி நம்பரைப் பார்த்தார்கள். ஆனால் தீர்வு என்ன? பேட்டரியை மட்டும் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றார்கள். போன் அதே போன்தான்.

அதற்குச் சில வாரங்கள் முன்புதான், 2007 ஜூன் 29 அன்று, அமெரிக்காவில் ஐபோன் விற்பனைக்கு வந்திருந்தது. இந்தியாவுக்கு 2008 ஆகஸ்ட் 22 அன்று வந்தது, 8 ஜி.பி. 31,000 ரூபாய். அதன் தொடுதிரையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். திறக்க முடியாத பின்மூடியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. மெல்ல மெல்ல மற்ற கம்பெனிகளும் மூடியை ஒட்டிவிட்டன. பேட்டரி என்பது இரண்டு மூன்று வருடத்தில் தளரும் சாமான். அதை உள்ளே வைத்துப் பூட்டியபோதே போனுக்கும் ஒரு ஆயுசு எழுதப்பட்டுவிட்டது.

இது வெட்ட வெளிச்சமானது 2017 டிசம்பரில். பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைப்பதை ஆப்பிள் ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்கத்தான் என்றது விளக்கம். கண்டனம் கிளம்பியதும் பேட்டரி மாற்றும் கட்டணத்தை அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தார்கள். கவனிக்க வேண்டியது அடுத்து நடந்ததைத்தான். 2019 ஜனவரியில் டிம் குக் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், புது ஐபோன் வாங்குவோர் குறைந்ததற்குச் சொன்ன காரணங்களில் இந்த மலிவு விலை பேட்டரியும் ஒன்று! பேட்டரி மாறியதும் பலருக்குப் பழைய போனே போதுமாக இருந்திருக்கிறது.

அப்படியானால் பேட்டரியை மாற்றிவிட்டு ஆயுசுக்கும் ஓட்டலாமா? முடியாது. 2016இல் யு.பி.ஐ. வந்தபின் போனே வங்கிக் கிளையாகிவிட்டது. சிம்மையும் போனையும் சேர்த்துத்தான் நம் கணக்கோடு முடிச்சுப் போடுகிறார்கள். அந்தப் போனில் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டால், பூட்டு பழுதான வீட்டில் நகையை வைத்த மாதிரி. ஆரம்ப கால ஆண்ட்ராய்டு போன்களுக்கு இரண்டு வருட அப்டேட் கிடைத்தாலே பெரிசு. 2023இல் பிக்ஸல் 8க்கு கூகுளும், 2024இல் எஸ்24க்கு சாம்சங்கும் ஏழு வருடம் என்று வாக்குக் கொடுத்தன. எல்லா மாடலுக்கும் அப்படி இல்லை. விலை குறைந்த போன்களுக்குப் பெரும்பாலும் இதைவிடக் குறைவுதான். ஐரோப்பிய யூனியனோ 2025 ஜூன் முதல் குறைந்தது ஐந்து வருட அப்டேட்டைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது.

இப்போது என் துறை. 'வட்டியில்லா இ.எம்.ஐ.' என்று ஒன்று கிடையாது. பூஜ்ய சதவீத வட்டி என்ற கருத்தே இல்லாத ஒன்று என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இன்றைய 'நோ காஸ்ட்' திட்டத்தில் வட்டி அளவுக்கு விலையில் தள்ளுபடி தருகிறார்கள். ஆனால் கிரெடிட் கார்டில் அந்த வட்டி மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி. நம் தலையில்தான். 60,000 ரூபாயை 15 சதவீத வட்டியில் 12 மாதம் கட்டினால் வட்டி சுமார் 4,990, அதற்கு வரி சுமார் 900. பிராசஸிங் கட்டணம் தனி. பெரிய தொகை இல்லை, ஆனால் 'நோ காஸ்ட்'டும் இல்லை.

நம்மைப் போல ஊரை விட்டு வந்த குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. புதுசு நமக்கு, பழசு ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு. "அவங்களுக்கு வாட்ஸப் மட்டும்தானே?" என்று சமாதானம் வேறு. உண்மையில் அந்தப் போனில்தான் பென்ஷன் கணக்கு இருக்கிறது, வாழ்நாள் சேமிப்பின் ஓ.டி.பி. வருகிறது. போலி லிங்க் அனுப்புகிறவனும் அவர்களைத்தான் குறிவைக்கிறான். வீட்டிலேயே அதிகப் பாதுகாப்பு வேண்டியவர்கள் கையில் அப்டேட் நின்றுபோன போன். கௌன்டரில் பணம் போய்விட்டது என்று கலங்கி நிற்கும் பெரியவர்களைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்.

எங்கள் வீட்டுக் கணக்கு இதுதான். என் போனுக்கு இன்னும் இரண்டு வருடம் அப்டேட் உண்டு. பேட்டரிதான் மத்தியானமே படுத்துவிடுகிறது, அதை மட்டும் சர்வீஸ் சென்டரில் மாற்றப் போகிறேன். கும்பகோணத்தில் அப்பா வைத்திருப்பது 2018இல் வாங்கிய போன். அதன் செட்டிங்ஸில் கடைசிப் பாதுகாப்பு அப்டேட் 2020 என்று காட்டுகிறது. புது போன் அவருக்கு. அதே கம்பெனி (பழகியது மாறினால் தவித்துப்போவார்), நடுத்தர விலை, கேமரா எப்படி இருந்தாலும் அப்டேட் வாக்குறுதி நீளமாக உள்ள மாடல். இ.எம்.ஐ. இல்லாமல் ரொக்கம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் அப்பா அம்மாவின் போனை வாங்கி, செட்டிங்ஸில் அந்தத் தேதியை ஒரு முறை பாருங்கள். உங்கள் போனை மாற்றலாமா என்பதை அதற்கப்புறம் முடிவு செய்யலாம்.