இந்திய விமானப்படையின் லிபரேட்டர் விமானங்கள்

பி-24 லிபரேட்டர் என்பது இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். நான்கு இயந்திரங்கள் கொண்டது. உலகின் அருங்காட்சியகங்களில் இன்று எஞ்சியிருக்கும் மிகச் சில லிபரேட்டர்களில் குறைந்தது ஐந்து, இந்திய விமானப்படையில் பணியாற்றியவை. பழைய விமானங்களின் வரலாற்றைத் தேடும் ஆர்வலர்கள் இவற்றின் இந்தியக் காலத்தைத் தனி அக்கறையுடன் பதிவு செய்து வருகின்றனர்.

தோற்றம்

லிபரேட்டரின் முதல் வெள்ளோட்டம் 1939 டிசம்பர் 29 அன்று நடந்தது. போர் முடிவதற்குள் 18,000க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. ஃபோர்டு நிறுவனத்தின் வில்லோ ரன் தொழிற்சாலை 1944இல் ஏறத்தாழ மணிக்கு ஒன்று வீதம் இவற்றை உருவாக்கியது. இதன் இறக்கையின் நீளம் முனையிலிருந்து முனைவரை 110 அடி. நெடுந்தூரம் பறக்கக்கூடியது என்பதால் கடல்மேல் கண்காணிப்புக்கும் பயன்பட்டது. பிரித்தானிய வான்படை இந்தியாவிலும் இலங்கையிலும் இதைப் பயன்படுத்தியது. யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறை, வட மத்திய மாகாணத்தின் மின்னேரியா ஆகிய தளங்களிலிருந்தும் லிபரேட்டர்கள் பறந்தன.

கான்பூர் உடைசல்கள்

இவ்விமானங்கள் கடன்-குத்தகைத் திட்டத்தின் கீழ் அமெரிக்கா பிரித்தானியாவுக்குக் கொடுத்தவை. போர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், அல்லது பயன்படாதபடி அழித்துவிட வேண்டும். திருப்பி அனுப்புவதால் யாருக்கும் பயனில்லை என்பதால், கான்பூரில் குவிந்திருந்த விமானங்கள் வேண்டுமென்றே சேதப்படுத்தப்பட்டன. கருவிகள் நொறுக்கப்பட்டன, உடற்தகடுகள் கிழிக்கப்பட்டன. மீண்டும் பறக்க முடியாத பழைய இரும்பாகவே அவை கைவிடப்பட்டன.

விடுதலை பெற்ற இந்தியாவிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. புதிதாக வாங்கப் பணமும் இல்லை. பெங்களூரில் 1940இல் வால்சந்த் ஹிராசந்த் தொடங்கிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்கோ, போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்களைப் பழுதுபார்த்த அனுபவம் இருந்தது. அதன் தொழிலாளர்கள் கான்பூருக்குச் சென்று, ஓர் உடைசலில் கிடைத்த நல்ல பாகத்தை எடுத்து மற்றொன்றில் பொருத்தினர். ஒருமுறை பறக்கும் அளவுக்குத் தேறிய விமானத்தைத் தொழிற்சாலையின் சோதனை விமானி ஜாம்செட் முன்ஷி, சுமார் 1,500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அங்கே முழுமையான சீரமைப்பு நடந்தது. வழியில் ஓர் இயந்திரம் நின்றாலும் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில், இப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 40 விமானங்கள் உயிர்பெற்றன.

இருபது ஆண்டுப் பணி

1948 நவம்பரில் கான்பூரில் லிபரேட்டர்களுடன் 5ஆம் படையணி தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் கனரகக் குண்டுவீச்சுப் படையணி இதுவே. 1957இல் கான்பரா ஜெட் விமானங்கள் வந்ததும் இப்படையணி லிபரேட்டரைக் கைவிட்டது. புனேயில் இருந்த 6ஆம் படையணி அதைக் கடல்சார் கண்காணிப்புக்குத் தொடர்ந்து பயன்படுத்தியது. 1968இல் கடைசி லிபரேட்டர்கள் ஓய்வு பெற்றன. அமெரிக்காவில் பெரும்பாலானவை போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே உருக்கப்பட்டுவிட்டன. அங்கே மிகுதி என்று அழிக்கப்பட்டது, இங்கே பற்றாக்குறையால் பிழைத்தது.

அருங்காட்சியகங்களில்

இந்தியாவில் லிபரேட்டர்கள் இருப்பதை அறிந்த அருங்காட்சியகங்கள் அவற்றைக் கேட்டு வந்தன. 1968இல் ஒன்று கனடாவுக்குச் சென்றது. கனடாவிலிருந்து வந்த லைசாண்டர் விமானம் தில்லி பாலம் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1969இல் ஒன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீமா அருங்காட்சியகத்துக்குப் பறந்தது. 1974இல் மற்றொன்று இங்கிலாந்துக்குப் பறந்தது. பிரித்தானிய வான்படை அருங்காட்சியகத்துக்கு இந்தியா அளித்த அன்பளிப்பு அது. இந்தியாவில் கேட்பாரற்றுக் கிடந்த இன்னொன்று 1980களில் இங்கிலாந்து வழியாக அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளையை அடைந்து, 1989இல் மீண்டும் பறந்தது.

வண்ணப்பூச்சின் அடியில்

சீரமைத்தவர்கள் இவற்றுக்குத் தத்தம் நாட்டு வண்ணங்களைப் பூசினர். பீமாவில் உள்ளது ஐரோப்பாவில் போரிட்ட வேறோர் அமெரிக்க விமானத்தின் பெயரையும், கனடாவில் உள்ளது கனடிய வான்படையின் நிறத்தையும் தாங்கி நிற்கின்றன. காலிங்ஸ் விமானமும் காலத்துக்குக் காலம் வெவ்வேறு அமெரிக்கப் பெயர்களை ஏற்றது. போரில் ஓரிரு ஆண்டுகளே பறந்த விமானங்கள் இந்தியாவில் இருபது ஆண்டுகள் உழைத்தன. ஆயினும் பார்வையாளர் கண்ணில் படுவது அந்தப் போர்க்கோலம் மட்டுமே.

மறைந்த பகுதியை மீட்பவர்கள் விமான ஆர்வலர்களும் ஓய்வு பெற்ற படையினரும் ஆவர். வரிசை எண்ணே அவர்களுக்கு முதல் துப்பு. பிரித்தானியாவில் கேஎன் 751 என்ற எண்ணுடன் நிற்கும் விமானம், இந்தியாவில் எச்இ 807 என்று அழைக்கப்பட்டது. இந்திய விமானத் தளங்களில் படமெடுக்கக் கட்டுப்பாடு இருந்ததால், படையினரின் வீட்டு ஆல்பங்களில் உள்ள கறுப்பு வெள்ளைப் படங்கள் அரிய சான்றுகளாகின்றன. விமானத்தின் முன் வரிசையாக நின்று எடுத்த குழுப்படத்தில், தோள்களுக்கு மேலே வாலில் தெரியும் ஓர் எண்கூட ஒரு விமானத்தின் பாதையை உறுதிசெய்யக்கூடும்.

பாலம் அருங்காட்சியகத்தில் எச்இ 924 எண்ணுள்ள லிபரேட்டர் இந்திய விமானப்படையின் அடையாளங்களுடனேயே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.