தாது வருடப் பஞ்சமும் சிப்காட் உடலும்



சர்க்கரை நோய், உடல் பருமன், ரத்தக் கொதிப்பு. இவற்றைப் 'பரம்பரைக் கோளாறு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பரம்பரையாக வருவது எது என்று கேட்பது வரலாற்றின் வேலை.

1962இல் ஜேம்ஸ் நீல் என்ற அமெரிக்க மரபியலாளர் ஒரு கருதுகோளை முன்வைத்தார். பஞ்ச காலத்தில் கொழுப்பைச் சேமித்து உயிர் காத்த மரபணு, உணவு மிகுந்த காலத்தில் நோயாகிறது என்றார். 2007இல் எஃப்டிஓ என்ற மரபணுவில் ஒரு மாறுபாடு கண்டறியப்பட்டது. ஐரோப்பியரிடையே நடந்த அந்த ஆய்வில், தாய், தந்தை இருவழியிலும் அதைப் பெற்றவர்கள் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடையுடன் இருந்தார்கள். ஆனால் ஃபிரேமிங்ஹாம் என்ற அமெரிக்க ஊரின் நெடுங்காலத் தரவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான முடிவு வேறொன்றைச் சொன்னது. 1942க்கு முன் பிறந்தவர்களிடம் அந்த மரபணுவுக்கும் பருமனுக்கும் தொடர்பு தென்படவில்லை. பின் பிறந்தவர்களிடம் தெரிந்தது. மரபணு அதேதான். வாழ்க்கை மாறியிருந்தது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். திருவள்ளூர் 1997இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முன் பொன்னேரியும் கும்மிடிப்பூண்டியும் செங்கற்பட்டு மாவட்டம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தனர். 1877இல் ரிச்சர்டு டெம்பிள் நிவாரணக் கூலியைக் குறைத்தார். நாளெல்லாம் மண் வெட்டிய ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும். இது உயிர்வாழப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார்.

பஞ்சம் தீர்ந்தது, சேரியின் பசி தீரவில்லை. 1891இல் செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கை, அந்தப் பசியின் வேர் நிலமின்மையில் இருப்பதைக் காட்டியது. 1892 அரசாணையும் பஞ்சமி நிலமும் அதன் விளைவு. அந்த நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போனது.

தாது வருடத்திலிருந்து இன்றுவரை சில தலைமுறைகள்தான். அதற்குள் மரபணு மாறிவிடாது, கருப்பை மாறும். புனேயில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் சராசரியாக 2.7 கிலோவில் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தனர். இங்கிலாந்துக் குழந்தைகளைவிட அவர்களுக்குத் தசை மிகக் குறைவு. கொழுப்போ அந்த அளவு குறையவில்லை. தாயின் பசி பிள்ளையின் உடலில் அப்படிப் பதிகிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து தீட்டிய அரிசிச் சோற்றை மட்டுமே நம்பி, இரவு ஷிப்டில் உறக்கம் கெட்டு உழைக்கும்போது சர்க்கரை நோய் எளிதில் வருகிறது.

எனவே 'தலித் மரபணு' என்று ஒன்றை யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். இந்த மாறுபாடுகள் எல்லாச் சாதியாரிடமும் உண்டு. பசியைப் பங்கிட்டது சாதி. சிப்காட்டின் ஒப்பந்தத் தொழிலாளருக்கு ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை, கேன்டீனில் பருப்பும் முட்டையும், இரவு ஷிப்டுக்கு வரம்பு, சேரியின் கர்ப்பிணிக்கு நிறைவான உணவு, பஞ்சமி நில மீட்பு: இவை ஒரே கோரிக்கையின் பகுதிகள். சங்கக் கூட்டத்திலும் கிராமசபையிலும் அவற்றைச் சேர்த்தே வைப்போம்.