விசுவாசமும் சமாதானமும்

விசுவாசம் என்பது தமிழ்க் கிறித்தவ வழக்கில் கடவுளிடம் தன்னை ஒப்படைக்கும் நம்பிக்கையையும், சமாதானம் என்பது அதனால் துன்பத்தின் நடுவிலும் வாய்க்கும் மன அமைதியையும் குறிக்கும்; 1995-இல் வெளிவந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு இவற்றை நம்பிக்கை, அமைதி என்றே எளிமையாக வழங்குகிறது. திருநெல்வேலிப் பகுதியிலுள்ள டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் நடத்திய அயர்லாந்துப் பெண்மணி ஏமி கார்மைக்கேல் (1867–1951) இத்தகைய நம்பிக்கைக்கும் அமைதிக்கும் தக்க சான்றாவார். 1931 அக்டோபரில் களக்காட்டில், புதிதாக வெட்டியிருந்த குழியில் இருட்டில் தவறி விழுந்து காலொடிந்த அவர், இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே முடங்கியிருந்தும் எழுத்தை நிறுத்தவில்லை. நலமுள்ளோர் கூறும் ஆறுதல் நோயாளியைத் தொடுவதில்லை என உணர்ந்து, நோயுற்றவர் நோயுற்றவர்க்கு எழுதும் மடல்களாக அவர் அமைத்த ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ (1933) என்னும் நூல், வலியை மறைக்காததாலேயே வலுப்பெறுகிறது. அவரது கல்லறையில் பெயர்ப்பலகைக்குப் பதிலாகப் பறவைகள் நீரருந்தும் கல்தொட்டி ஒன்றே உள்ளது. அதில் பொறித்திருக்கும் சொல் ‘அம்மா’.