'கேபிள் கோளாறு, வருந்துகிறோம்': ஒரு டெலிவிஷன் நிலையத்தின் வரலாறு

டெலிவிஷன் பொய் சொல்லுது என்று நாம் அடிக்கடி பேசிக்கொள்கிறோம். பொய்யையாவது பிடித்துவிடலாம். சொல்லாமல் விட்டதை எப்படிப் பிடிப்பது? அமெரிக்காவின் தென் மாநிலமான மிசிசிப்பியில் ஒரு உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையம் பல ஆண்டுகளாகக் கறுப்பு மக்களைத் திரையிலிருந்து துடைத்தெறிந்திருந்தது. அந்த மக்கள் அதைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். கடைசியில் அந்த நிலையத்தின் உரிமமே பறிபோனது. கறுப்பர் போராட்டம் என்றால் நமக்கு மார்ட்டின் லூதர் கிங்கைத் தெரியும், மால்கம் எக்ஸைத் தெரியும். செய்தி அறையின் வாசலில் நடந்த இந்தச் சண்டை அவ்வளவாகத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

மிசிசிப்பியின் தலைநகர் ஜாக்சன். அங்கே 1953 டிசம்பரில் டபிள்யூ.எல்.பி.டி. என்ற நிலையம் 3ஆம் சேனலில் ஒளிபரப்பைத் தொடங்கியது. லாமர் லைஃப் என்ற இன்சூரன்ஸ் கம்பெனிதான் முதலாளி. என்.பி.சி. என்ற தேசிய நிறுவனம் நியூயார்க்கிலிருந்து அனுப்புகிற நிகழ்ச்சிகளை இந்த நிலையம் வாங்கி ஒளிபரப்பும். உள்ளூர்ச் செய்தியைத் தானே தயாரிக்கும். அமெரிக்கச் சட்டப்படி காற்றலை யாருக்கும் சொந்தமில்லை. எஃப்.சி.சி. என்ற மத்திய ஆணையம் அந்தக் காலத்தில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உரிமம் கொடுத்துவந்தது. சர்ச்சைக்குரிய விஷயங்களில் இரண்டு தரப்பையும் காட்ட வேண்டும் என்று அன்று விதி இருந்தது. நிலையத்தின் ஒளிபரப்பு எல்லைக்குள் வாழ்ந்தவர்களில் சுமார் 45 சதவீதம் பேர் கறுப்பர்கள். ஏறக்குறைய பாதிப் பேர்.

நிலையம் தொடங்கிய ஆறாவது மாதம், 1954 மே 17 அன்று, பள்ளிகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே அதே மிசிசிப்பியில் 'வெள்ளைக் குடிமக்கள் சபை' முளைத்தது. கு க்ளக்ஸ் க்ளான்காரன் மாதிரி இவர்கள் முகமூடி போடவில்லை. வங்கிக்காரர், வியாபாரி, வக்கீல் என்று ஊரில் மதிப்பான ஆட்கள். கறுப்பர் ஒருவர் ஓட்டுரிமைக்குப் பதிவு செய்தால் வேலை போகும், கொடுத்த கடனை உடனே கட்டச் சொல்லி நெருக்குவார்கள், கடைக்காரன் சாமான் தர மாட்டான். நம்ம ஊரில் இதற்குப் பேர் ஊர்க்கட்டுப்பாடு. அந்தச் சபையில் உறுப்பினராக இருந்த ஃப்ரெட் பியர்ட்தான் டபிள்யூ.எல்.பி.டி.யின் மேலாளர்.

1955இல் என்.பி.சி. நிகழ்ச்சி ஒன்றில் கறுப்பர் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் வக்கீல் தர்குட் மார்ஷல் தோன்றினார். பள்ளி வழக்கை வென்று கொடுத்தவர், பின்னால் 1967இல் உச்சநீதிமன்றத்தின் முதல் கறுப்பு நீதிபதியாக ஆனவர். ஜாக்சனில் மட்டும் திரை இருண்டது. 'கேபிள் கோளாறு, வருந்துகிறோம்' என்று ஒரு அட்டை வந்தது. கேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிகழ்ச்சியை வேண்டுமென்றே துண்டித்தார்கள் என்று எஃப்.சி.சி.க்குப் புகார் போனது. 1957இல் நிறப் பிரிவினையை ஆதரித்து நிலையமே நிகழ்ச்சி போட்டது. மறுதரப்புக்கு நேரம் கேட்டபோது மறுத்தது. அதற்கும் புகார் போனது. எல்லாவற்றையும் பரிசீலித்த ஆணையம், இதெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்த தவறு என்று சொல்லி உரிமத்தைப் புதுப்பித்துக் கொடுத்தது. 1962 செப்டம்பரில் ஜேம்ஸ் மெரடித் என்ற கறுப்பு மாணவர் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் சேரப் போனபோது வெள்ளையர் கலவரம் செய்தார்கள். இரண்டு பேர் செத்தார்கள். அப்போதும் ஒருதரப்புப் பேச்சையே ஒளிபரப்பினார்கள் என்று மாநிலத்தின் பல நிலையங்கள் மேல் புகார் எழுந்தது. அவற்றில் இதுவும் ஒன்று.

இந்தச் சுவரில் முதல் ஓட்டை போட்டவர் மெட்கர் எவர்ஸ். இரண்டாம் உலகப்போரில் சண்டையிட்டுத் திரும்பியவர், மிசிசிப்பியில் என்.ஏ.ஏ.சி.பி.யின் களச் செயலர். 1963 மே மாதம் ஜாக்சன் மேயர் டெலிவிஷனில் தோன்றி, நம்ம ஊரில் எல்லாரும் சுமுகமாக இருக்கிறோம் என்கிற தோரணையில் பேசினார். அதே அளவு நேரம் எனக்கும் வேண்டும் என்று எவர்ஸ் கேட்டு வாங்கினார். மே 20 அன்று 17 நிமிஷம் பேசினார். அந்தப் பேச்சின் ஒரு இடம் எனக்கு மறக்காது. ஆப்பிரிக்காவில் காங்கோக்காரர் ரயில் எஞ்சின் ஓட்டலாம் என்று ஜாக்சன் கறுப்பர் டெலிவிஷன் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். அவர் ஊரிலோ குப்பை வண்டியை ஓட்டக்கூட அவரை விடுவதில்லை என்றார். குப்பை அள்ளலாம், ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது! யாருக்குப் புரியாவிட்டாலும் நமக்குப் புரியும்.

பேசி மூன்று வாரம் கழித்து, ஜூன் 12 நள்ளிரவுக்குப் பிறகு, தன் வீட்டு வாசலிலேயே எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் வெள்ளைக் குடிமக்கள் சபையைச் சேர்ந்த பைரன் டி லா பெக்வித். 1964இல் வெள்ளையர் மட்டுமே உட்கார்ந்த ஜூரிகள் இரண்டு முறை முடிவுக்கு வராமல் கலைந்தன. அவனுக்குத் தண்டனை கிடைத்தது 1994இல். முப்பத்தொரு வருஷம்.

எவர்ஸ் இறந்த மறுவருஷம் வேறு வகையான வேலை ஒன்று நடந்தது. 1964 மார்ச் 1 முதல் 7 வரை ஒரு வாரம், நிலையத்தின் ஒளிபரப்பைத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் என்ற திருச்சபையின் தகவல் தொடர்பு அலுவலகத்தைச் சேர்ந்த எவரெட் பார்க்கர் என்ற பாதிரியார் ஏற்பாடு செய்தது இது. குறிப்பெடுத்தவர்களின் பெயர் வெளியே விடப்படவில்லை. தெரிந்தால் உயிருக்கு ஆபத்து. என்ன செய்தி வந்தது, யார் முகம் வந்தது, எத்தனை நிமிஷம், யாரை என்ன சொல்லி அழைத்தார்கள் என்று எழுதினார்கள். அவ்வளவுதான். கோஷம் இல்லை, ஊர்வலம் இல்லை.

அவர்கள் குறை சொன்ன விஷயங்களில் ஒன்றைத் தமிழில் சொல்ல விளக்கமே வேண்டாம். வெள்ளையர் என்றால் பெயருக்கு முன்னால் மிஸ்டர், மிஸஸ். கறுப்பர் என்றால் வெறும் பெயர். நம் மொழியில் இந்த அநியாயம் வினைமுற்றிலேயே உட்கார்ந்திருக்கிறது. 'வந்தார்', 'வந்தான்' என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு தெரு நீளத்துக்குத் தூரம். எங்கள் ஊரில் 1980களில் பஞ்சாயத்து டி.வி. ஒன்று இருந்தது. எங்க தெரு ஆளுங்க வெளியே நின்று ஜன்னல் வழியாகத்தான் பார்ப்போம். உள்ளே இருந்து 'தள்ளி நில்லுடா' என்று என் அப்பனை ஒரு சின்னப் பையன் சொல்வான். செய்தியில் எங்கள் சேரி போலவே ஏதோவொரு சேரி எரிந்திருக்கும். வாசிப்பவர் 'இரு பிரிவினரிடையே மோதல்' என்று சொல்லிவிட்டு வானிலைக்குப் போய்விடுவார். எரித்தவனும் ஒரு பிரிவு, எரிந்தவனும் ஒரு பிரிவு. இதுவும் ஒரு கேபிள் கோளாறுதான்.

ஜாக்சனுக்கு வருவோம். குறிப்புகளை வைத்துக்கொண்டு திருச்சபையும், என்.ஏ.ஏ.சி.பி. தலைவர் ஆரன் ஹென்றியும், கறுப்புப் பாதிரியார் ராபர்ட் எல்.டி. ஸ்மித்தும் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று மனுப் போட்டார்கள். உங்களுக்கு வழக்காடவே தகுதியில்லை என்றது ஆணையம். அன்றைய வழக்கப்படி, இன்னொரு நிலையத்தின் அலை குறுக்கிட்டால் ஆட்சேபிக்கலாம், வியாபாரம் நஷ்டமானால் ஆட்சேபிக்கலாம். அதாவது இன்னொரு முதலாளி ஆட்சேபிக்கலாம். பார்க்கிற ஜனங்களுக்கு அதில் இடமில்லை. 1965இல் சில நிபந்தனைகளோடு ஒரு வருஷத்துக்கு உரிமத்தை நீட்டினார்கள்.

வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 1966 மார்ச்சில் நீதிபதி வாரன் பர்கர் தீர்ப்பெழுதினார். அவர் பழமைவாதி, பிற்பாடு நிக்சன் தலைமை நீதிபதியாக்கியவர். அவரே சொன்னார்: கேட்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் வழக்காடும் உரிமை உண்டு. விசாரணை நடத்தச் சொல்லி ஆணையத்துக்கு அனுப்பினார். ஆணையம் விசாரித்தது. 1968இல் மறுபடியும் அதே கம்பெனிக்கே முழு உரிமம் கொடுத்தது! 1969 ஜூனில் பர்கர் அதை அடித்துத் தள்ளினார். ஆணையத்தின் போக்கைக் கடுமையாகச் சாடியதோடு, புதிதாக மனு வாங்கச் சொன்னார்.

1971இல் 'கம்யூனிகேஷன்ஸ் இம்ப்ரூவ்மென்ட்' என்ற லாப நோக்கில்லாத அமைப்பு இடைக்கால ஏற்பாடாக நிலையத்தை எடுத்துக்கொண்டது. 1972இல் வில்லியம் டில்டே என்ற கறுப்பர் பொது மேலாளரானார். அமெரிக்காவில் வர்த்தகத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றுக்கு மேலாளரான முதல் கறுப்பர்களில் அவர் ஒருவர். பியர்ட் அதிகாரம் செலுத்திய அதே பதவி! அதே 1972இல்தான் கறுஞ்சிறுத்தைகளின் பெயரைப் பார்த்து பம்பாயில் தலித் பேந்தர்ஸ் பிறந்தது. செய்தி வாசிக்கிற மேஜையில் கறுப்பு முகங்கள் வந்தன. பிறகு சி.பி.எஸ். நிறுவனம்வரை போன ராண்டல் பின்க்ஸ்டன் செய்தித் தொழிலைத் தொடங்கியது இந்த நிலையத்தில்தான். உள்ளூர் அதிகாரத்தைத் துருவிப் பார்க்கிற செய்திகள் வந்தன. 1976ஆம் ஆண்டுக்கான பீபடி விருது, மிசிசிப்பி அரசியல் பற்றிய இந்நிலையத்தின் நிகழ்ச்சிக்குக் கிடைத்தது. நிரந்தர உரிமத்துக்கான இழுபறி அந்தப் பத்தாண்டு முழுக்க நீடித்தது. முடிவில் அது ஆரன் ஹென்றி தலைமையிலான குழுவிடம் வந்தது.

இத்தோடு சுபம் போட்டுவிட முடியாது. இரண்டு தரப்பையும் காட்ட வேண்டும் என்ற விதியை எஃப்.சி.சி. 1987இல் கைவிட்டது. நிலையம் கைமாறிக் கைமாறி, 2019இல் ஏராளமான நிலையங்களை வைத்திருக்கும் கிரே என்ற பெருங்கம்பெனியிடம் போனது. ஜெயித்த இடத்தையும் சந்தை வந்து வாங்கிவிடும். ஆனாலும் அந்த 1966 தீர்ப்பு தந்த உரிமையை யாராலும் விலைபேச முடியவில்லை.

நம் நாட்டிலும் காற்றலை பொதுச்சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995 பிப்ரவரியில் சொன்னது. பொதுச்சொத்து என்றால் அதில் சேரிக்கும் பங்குண்டு. பொதுக் குளத்தில் தண்ணி எடுக்க அம்பேத்கர் 1927இல் மகாத்துக்கு நடந்தார். காற்றுக்கு இன்னும் நடக்கவில்லை.

செய்தி சரியில்லை என்று டீக்கடையில் திட்டுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். ஜாக்சனில் ஜெயித்தது அந்த ஒரு வாரக் குறிப்பேடு. கல்லூரித் தோழர்கள் பத்துப் பேர் ஆளுக்கொரு சேனல் எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு நாள். எந்த ஊர்ச் செய்தி, எத்தனை நிமிஷம், யார் பேசினார், யார் பேசப்பட்டார், யாருக்கு 'ர்', யாருக்கு 'ன்', எந்தக் கொலை 'மோதல்' ஆனது என்று எழுதுங்கள். தேதி போட்டு, மணி போட்டு எழுதுங்கள். கோபத்தை மறுக்கிறவர்களால் கணக்கை மறுக்க முடியாது.